அந்தமானில் ஆறு நாள்: ஜாரவாக்களைப் பார்க்கப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: டிசம்பரில் ஆறு நாள் அந்தமான் பயணம். கணவன், மனைவி, 8 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். "ஒரு நாள் பாராடாங் போயிடுங்க, குகையும் பார்க்கலாம், போற வழியில ஆதிவாசிகளையும் பார்க்கலாம்" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். போகலாமா? போகாவிட்டால், அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளைப் பற்றிப் பிள்ளைகள் எதையாவது தெரிந்துகொள்ள வேறு என்ன வழி? கடலில் எதையெல்லாம் செய்யலாம்?

பாராடாங் தீவை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். வேலை நிமித்தம் ஒன்பது வருடம் அங்கே இருந்தவன் நான். முதல் வருடமே ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு அந்தப் பயணத்தைப் போய்விட்டு வந்தேன். அதன் பிறகு யார் கூப்பிட்டும் போகவில்லை.

அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரவு மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். இருட்டிலேயே ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்குப் போய், வண்டிகளோடு வண்டியாக வரிசையில் நிற்க வேண்டும். படிவம், அடையாள அட்டை, தூக்கக் கலக்கத்தில் ஒரு டீ. குறித்த நேரத்தில் எல்லா வண்டிகளும் கான்வாயாகக் கிளம்பும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஜாரவா என்ற பூர்வகுடிகள் வாழும் காப்புக்காட்டை ஊடுருவிக்கொண்டு போகும் சாலை. நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. சாவடியில் இதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

நாங்கள் போன அன்று ஒரு வளைவில் எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்றார். சாலையோரம் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. நெற்றியில் சிவப்புத் துணிப்பட்டை. முன்னால் போன வண்டியின் ஜன்னலிலிருந்து பிஸ்கட் பாக்கெட் ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது. மூன்று விநாடிகூட இருக்காது, கடந்துவிட்டோம். எங்கள் வண்டியில் "பாத்தியா, பாத்தியா" என்று ஒரே கூச்சல். அந்தப் பெண் குனியவில்லை, வரிசையாகப் போன எங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். அன்று பார்த்த சுண்ணாம்புக் குகை எப்படி இருந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இது என் தனிப்பட்ட கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002லேயே உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜாரவாப் பெண்களை உணவு கொடுத்து ஆடச் சொல்லும் வீடியோ ஒன்று 2012 ஜனவரியில் வெளியாகி உலகம் முழுக்க நாறியது. 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, மார்ச்சில் தடை நீங்கியது. இன்று குகை பார்க்கப் போவது சட்டப்படி குற்றமில்லை. ஜாரவாக்களைப் படமெடுப்பது, அவர்களை நெருங்குவது, உணவு கொடுப்பது எல்லாம் 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி குற்றம். 2012இல் செய்த திருத்தத்தால் தண்டனையும் கடுமையாகிவிட்டது. ஆக, "ஆதிவாசிகளைப் பார்க்கலாம்" என்று உங்கள் ஏஜென்ட் சொல்வது, அவர் விற்கவே கூடாத ஒன்றை விற்பது.

பிஸ்கட்டில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1997 வரை ஜாரவாக்கள் வெளியாட்களைப் பெரும்பாலும் அம்பால்தான் வரவேற்றார்கள். அந்த வருடக் கடைசியில் அவர்களாகவே காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1999இல், தட்டம்மை பரவியது. நம் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டு மறந்துவிடும் நோய்தான், ஆனால் அதை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்பில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தமே 380 பேர். ஒரு சாதாரணக் கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுகிற கூட்டம் ஒரு முழு இனம் என்றால், ஒருவர் தும்மினாலும் பயப்படத்தான் வேண்டும்.

இன்னொன்று. 'ஜாரவா' அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பூர்வகுடியான கிரேட் அந்தமானியரின் மொழியில் அந்நியர் என்று பொருள்படும் சொல் அது. அவர்கள் தங்களை 'ஆங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். 13 வயதுக்காரர் பிடித்துக்கொள்வார்.

இனி, எங்கே பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். எல்லாச் சுற்றுலாப் பயணிகளும் எப்படியும் போகிற ஓர் இடத்திலிருந்தே தொடங்கலாம். போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், ஊர்வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) ராஸ் தீவுக்கும் நார்த் பேவுக்கும் படகு ஏறுகிற நீர் விளையாட்டு வளாகம் இருக்கிறது. டிக்கெட் வரிசை, ஜெட் ஸ்கீ, சோளம் விற்பவர் என்று எப்போதும் இரைச்சல். அங்கேயே அபர்தீன் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. பலர் அதன் நிழலில் பையை வைத்துவிட்டுப் படகுக்குக் காத்திருப்பார்கள், என்னவென்று படிக்க மாட்டார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

1858 மார்ச்சில் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பை அமைத்தார்கள். காடு வெட்டுவது கைதிகள் வேலை. வெட்டப்பட்ட காடோ கிரேட் அந்தமானியரின் வீடு. தூத்நாத் திவாரி என்ற கைதி தப்பி ஓடி, அந்தமானியரிடம் சிக்கி, காயம்பட்டு, பிறகு அவர்களோடேயே ஒரு வருடம் வாழ்ந்தார். அவர்களில் பெண் எடுத்தார். 1859 மே மாதம் அவர்கள் குடியிருப்பைத் தாக்கத் திரண்டபோது, முன்னாலேயே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். அதுதான் அபர்தீன் போர். வில்லும் அம்பும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம், அதுவும் எதிரிக்கு எல்லாம் தெரிந்துவிட்ட நிலையில். முடிவு என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது. செல்லுலர் சிறையின் ஒலி ஒளிக் காட்சியில் சுதந்திரப் போராட்டக் கைதிகளின் கதை உருக உருகச் சொல்லப்படும், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சிறைக் கட்டடம் முடிந்தது 1906இல். அதற்கு 47 வருடம் முன்பே அந்தத் தரையில் அந்த மண்ணின் மக்கள் சண்டை போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது சண்டையைவிடக் கொடுமை. 'அந்தமான் இல்லம்' என்று வைத்து அவர்களைக் கூட்டிவந்து தங்கவைத்தார்கள். கூடவே புகையிலையும் சாராயமும் மேகநோயும் வந்தன, 1877இல் தட்டம்மையும் வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். இப்போது ஸ்ட்ரெயிட் தீவில் அரசு அமைத்த குடியிருப்பு இருக்கிறது. 2011 கணக்குப்படி கிரேட் அந்தமானியர் மொத்தம் 44 பேர். விலகியே நின்ற ஜாரவாக்கள் காட்டோடும் மொழியோடும் இருக்கிறார்கள். பழக வந்தவர்கள் கரைந்துபோனார்கள். தூரமாக இருப்பதுதான் அங்கே உயிர் காத்த வழி என்பது எனக்கு 380, 44 என்ற இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அடுத்து அருங்காட்சியகம். ஃபீனிக்ஸ் பே பகுதியில் இந்திய மானிடவியல் ஆய்வகம் நடத்தும் மானிடவியல் அருங்காட்சியகம். சின்னது, வெளிச்சம் மங்கல், பளபளப்பு எதுவும் கிடையாது. பேக்கேஜ்காரர்கள் இருபது நிமிடம்தான் ஒதுக்குவார்கள். நீங்கள் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதால் தங்கும் விடுதியில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அங்கே உள்ள அம்புகளின் முன் பிள்ளைகளை நிறுத்துங்கள். அந்தமான் வேடர்களின் பன்றி அம்பில் முனை தனி, தண்டு தனி. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். அம்பு தைத்ததும் முனை உடம்பில் தங்கிவிடும், தண்டு கழன்று கயிற்றோடு பின்னால் இழுபடும். பன்றி புதருக்குள் பாய்ந்தால் தண்டு கொடிகளில் சிக்கி அதை நிறுத்திவிடும். அடர்ந்த காட்டில் பன்றியைத் துரத்திப் பிடிக்க முடியாது என்பதால் காட்டையே பிடிக்கவைக்கும் யோசனை. ஜாரவா ஆண்கள் கட்டும் மரப்பட்டை மார்க்கவசத்தையும், ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்த தேன் குடுவையையும் தேடிப் பாருங்கள். தேன் எடுக்கும் விதத்தை அந்தக் குடுவையின் முன் நின்று சொல்லலாம். லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கிகள் மலைத்தேன் கூட்டை நெருங்கும்போது ஒரு செடியின் தண்டை மென்று, வாயில் ஊறிய சாற்றைக் கூட்டின் மேல் ஊதுவார்கள். அந்த வாடைக்குத் தேனீக்கள் விலகிப்போகும். தீப்பந்தமும் வேண்டாம், உறையும் வேண்டாம்.

போவதற்கு முன்பே வீட்டில் செய்ய ஒரு வேலை தருகிறேன். ஸ்ட்ரெயிட் தீவுக் குடியைச் சேர்ந்த போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். கிரேட் அந்தமானியரின் மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் குரலைப் பதிவு செய்திருக்கிறார், இணையத்தில் தேடினால் கேட்கலாம். தன் மொழியில் பேச ஆள் இல்லாமல் போனதால் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பாராம். அந்த மக்கள் பறவைகளை முன்னோராக எண்ணுபவர்கள். கிரேட் அந்தமானியர் பருவங்களை அந்தந்தக் காலத்தில் பூக்கும் மரம் கொடிகளின் பெயரால் குறித்தார்கள். பெண் வயதுக்கு வந்தால், அந்த நாளில் எந்தப் பூ பூத்திருக்கிறதோ அந்தப் பூவின் பெயர் அவளுக்கு. நாட்காட்டியே காட்டில் இருந்தது. உங்கள் மகளுக்கு 13 என்றால் இதை அவரே வாசித்துச் சொல்லட்டும். மகன் என்றாலும் ஒன்றும் குறையாது.

நிக்கோபார் பற்றி ஒரு வார்த்தை, பலர் கேட்பதால். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' அதுதான். ஆயிரம் வருடப் பழக்கம் என்று நினைத்துக் கிளம்பிவிட முடியாது. பழங்குடிப் பகுதிக்கான பாஸ் வேண்டும், சுற்றுலாவுக்கு அதைத் தருவதில்லை. நிக்கோபாரிகளின் பக்கமரம் வைத்த 'ஹோடி' படகையும், தேன்கூடு போல் உருண்ட கூரையுள்ள வீட்டின் மாதிரியையும் மேலே சொன்ன அருங்காட்சியகத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியாட்களே வேண்டாம் என்றிருக்கும் பூர்வகுடிகள் வாழும் வடக்கு சென்டினல் தீவு பற்றிப் பேசவே வேண்டாம். சுற்றி 5 கிலோமீட்டர் கடலும் தடை. 2018இல் அத்துமீறிப் போன அமெரிக்கர் உயிரோடு திரும்பவில்லை, 2025இல் போன இன்னொருவர் கைதானார். "தூரமா நின்னு பாத்துட்டு வரலாம்" என்று எந்தப் படகுக்காரராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழங்குடி நடனம் என்று விளம்பரப்படுத்தும் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். அபர்தீன் பஜாரில் புல்பாவாடை கட்டிய கறுப்பு பொம்மைகளும் மர முகமூடிகளும் விற்பார்கள், அவற்றுக்கும் அந்தத் தீவு மக்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏதாவது வாங்க வேண்டுமானால் படாக் மரத்தில் செய்த சாமான் வாங்கலாம்.

இனி கடல். பாராடாங்கை விட்டதால் மிச்சமாகும் நாளை வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவுக்குக் கொடுங்கள். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது, மழைக்காலத்தில் மூடியிருக்கும், டிசம்பரில் திறந்திருக்கும். வனத்துறை அனுமதி முன்பே வாங்க வேண்டும், ஏஜென்ட்டிடம் அந்த வேலையைக் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதையும் உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிப் படகில் பவளப்பாறை பார்க்கலாம், ஸ்நார்கெலிங் (மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே தண்ணீருக்குள் பார்ப்பது) செய்யலாம். மனிதர்களை வேடிக்கை பார்க்கும் பயணத்தைவிட இங்கே மீன்கள் உங்களை வேடிக்கை பார்க்கும் பயணம் நூறு மடங்கு உத்தமம்.

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு (ஸ்வராஜ் தீவு என்பது 2018க்குப் பிறகான பெயர்), நீல் தீவில் ஓர் இரவு, மிச்சம் போர்ட் பிளேரில். ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் போவது) செய்ய நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் கூடவே இருப்பார். ஆனால் 10 வயதுக்குக் கீழே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அதனால் சின்னவருக்கு ஸ்நார்கெலிங்தான். ஆஸ்துமா, காதுத் தொந்தரவு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும், எனவே கடைசி நாளுக்கு ஸ்கூபாவை வைக்காதீர்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் இரவுக் கயாக்கிங் கேட்டுப் பாருங்கள். துடுப்பு போடும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிரும். பெரியவர்கள் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ராதாநகர் கடற்கரையில் மாலைக்குக் காத்திருந்து ஏமாறுபவர்கள் அதிகம். டிசம்பரில் ஐந்து மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும், மூன்றரைக்கெல்லாம் அங்கே இருங்கள். உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 2010இல் ராதாநகரை ஒட்டிய சிறிய விரிகுடாவில் ஸ்நார்கெலிங் செய்த ஒரு பயணி முதலைக்குப் பலியானார். காவலர் விசில் ஊதினால் வாதாடாமல் கரையேறுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நீலில் வற்று நேரத்தில் நடப்பது. இயற்கைப் பாலம் என்று சொல்லும் பாறை வளைவு இருக்கிற கரையில், கடல் நூறு இருநூறு அடி உள்வாங்கி, பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், குட்டி நண்டு, ஆக்டோபஸ் குஞ்சுகூட அகப்படும். அகப்படும் என்றால் கண்ணுக்கு, கைக்கு அல்ல. விடுதியில் அன்றைய வற்று நேரம் கேட்டுக்கொண்டு, பிடிப்புள்ள செருப்போடு போங்கள். ஓங்கிப் பெண்கள் கைவலையோடு மீன் பிடிக்க இறங்குவது இதே நேரத்தில், இதே மாதிரிப் பாறைத்திட்டில்தான். கடல் எப்போது கதவைத் திறக்கும் என்ற கணக்கு தெரிந்தவர்களுக்கு அது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் தோட்டம் மாதிரி. அந்தமான் கரைகளில் அங்கங்கே கிளிஞ்சல் மேடுகள் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவிட்டு ஒரே இடத்தில் போட்ட ஓடுகள் குன்றாகக் குவிந்தவை. ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்ததில் சில மேடுகளுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயது. குழிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் இதைச் சொன்னால், அருங்காட்சியகத்தில் பார்த்தது அங்கே உயிர் பெறும்.

பொறுக்கிய சங்கு, பவளத்துண்டை மட்டும் அங்கேயே போட்டுவிடுங்கள். பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் அழுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் நாலு நாள் கூடுதலாக இருந்தால் மாயாபந்தர் பக்கம் போகச் சொல்வேன். அங்கே வெபி கிராமத்தில் கரேன் மக்கள் இருக்கிறார்கள். 1925இல் ஆங்கிலேயர் பர்மாவிலிருந்து குடியேற்றியவர்கள், அதனால் பூர்வகுடிகள் இல்லை. ஆனால் காட்டையும் கடலையும் அவர்கள் அளவுக்கு அறிந்த குடியேறிகள் அங்கே குறைவு. அவர்கள் தங்கள் ஊரில் விருந்தாளியை விருந்தாளியாக ஏற்பார்கள், பேசுவார்கள், சமைத்துப் போடுவார்கள். சாலையில் போனால் மறுபடி அதே காப்புக்காடு, அதனால் அரசுக் கப்பலில் போவதே சரி. ஆறு நாளில் இது முடியாது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம், பாராடாங்கை ரத்து செய்ய முடியாது என்ற நிலை வந்தால்: ஜன்னலை ஏற்றிவிடுங்கள், போனைப் பைக்குள் போடுங்கள், தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வழியில் யாராவது தெரிந்தால் பிள்ளைகள் கை காட்டாமல் இருக்கட்டும், அதை முதல் நாள் இரவே பேசிவிடுவது நல்லது. பாதி ராத்திரியில் எழுந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் எதையும் விளக்க முடியாது.

கப்பல் டிக்கெட்டை விமான டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள், டிசம்பரில் ஹேவ்லாக் கப்பல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கடல் கொந்தளித்தால் சொல்லாமல் கொள்ளாமல் ரத்தாகும், ஆகவே கடைசி இரவு எப்படியும் போர்ட் பிளேரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். அந்தக் கடைசிக் காலைப்பொழுதைத்தான் நான் அருங்காட்சியகத்துக்கு வைப்பேன்.